கத்தரிப்பூ நாக்கு

என் கல்யாணம் இரண்டு முறை நின்றுபோனது. இரண்டு முறையும் மாப்பிள்ளை மாறவில்லை, காய்ச்சல்தான் மாறியது. முதல் தடவை பந்தக்கால் நட்ட மூன்றாம் நாள், பெயரே வாயில் நுழையாத ஒரு காய்ச்சல் வந்து மண்டபங்களைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். மறு வருஷம் வேறொரு காய்ச்சல் பந்தக்காலுக்கு முன்பே வந்துவிட்டது. அது கொஞ்சம் நாகரிகமான காய்ச்சல். குழி தோண்டுகிற வேலையாவது மிச்சமானது.

நான் யாழ்மொழி. வயது முப்பத்தாறு. கல்லோடைப்பட்டியின் சுகாதார ஆய்வாளர். அதாவது, காய்ச்சல் வந்தால் மண்டபத்தைப் பூட்டுகிற ஆளே நான்தான். இரண்டு தடவையும் என் கல்யாண மண்டபத்துக்கு நானே நடந்துபோய், பூட்டுப் போட்டு, சீல் வைத்து, சாவியோடு வீட்டுக்கு வந்தேன். இந்தக் கொடுமையை எந்தக் கோயில் வாசலில் போய்ச் சொல்ல?

மாப்பிள்ளை ஆதிரன் வண்டிகளுக்கு பேட்டரி மாற்றும் கடை வைத்திருக்கிறார். ஊரில் எல்லார் வண்டியையும் ஓட வைப்பவருக்கு, தன் அம்மா முன்னால் மட்டும் சார்ஜ் இறங்கிவிடும். அம்மா பெயர் ஸ்வேதா. அந்தக் காலத்துப் பெயர், அந்தக் காலத்து மனுஷி. ஒரே மகன் கல்யாணத்தில் ஊரே இலை போட்டுச் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஐம்பது பேரை வைத்துச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறோம் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"நான் என்ன என் மகனைத் திருட்டுத்தனமாவா பெத்தேன்?" என்றார்.

மூன்றாவதாக ஆவணி இருபதாம் தேதி குறித்த அன்று, வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாருத்தா. ஒரு தடவ நின்னா கெரகம். ரெண்டு தடவ நின்னா கெட்ட நேரம். மூணாவதும் நின்னுச்சுன்னு வையி, இந்தச் சம்பந்தமே வேணாம்னு சாமி சொல்லுதுன்னுதான் அர்த்தம். அதுக்கு மேல என்னைய யாரும் வற்புறுத்தக் கூடாது."

ஆதிரன் சுவரைப் பார்த்தார். சுவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி பிறந்த வாரத்தில் மாவட்டத்திலிருந்து டாக்டர் பெனாசிர் ஒரு சின்ன ஐஸ்பெட்டியோடு வந்து இறங்கினார்.

"உள்ள என்ன மேடம்?"

"வைரஸ்."

நான் இரண்டடி பின்னால் போனேன்.

"பயப்படாதீங்க. இது ஒத்திகைக் கிருமி. நிஜக் கிருமி மாதிரியே எச்சில்ல, தும்மல்ல, கையில பரவும். ஆனா காய்ச்சல் வராது, இருமல் வராது. நாக்குல நிறம் மட்டும் வரும்."

"இத எதுக்கு ஊருக்குள்ள விடணும்?"

"போஸ்டர் ஒட்டியாச்சு, பாட்டுப் போட்டாச்சு, தெருக்கூத்துகூட நடத்தியாச்சு. எல்லாரும் கைதட்டிட்டு, அதே கையோட போண்டா சாப்பிடப் போயிடறாங்க. கிருமி கண்ணுக்குத் தெரியறதில்ல, அதான் சிக்கல். தெரியற மாதிரி ஒண்ணு செஞ்சிருக்கோம்." டாக்டர் நான்கு நிறத்துக்கு நான்கு விரல்களை நிமிர்த்தினார். "நாங்க அஞ்சு பேருக்கு மிட்டாய்ல வச்சுக் கொடுப்போம். அவங்க நாக்கு நீலமாகும். அவங்ககிட்ட வாங்கினவங்களுக்குப் பச்சை. பச்சைகிட்ட வாங்கினா மஞ்சள். மஞ்சள்கிட்ட வாங்கினா கத்தரிப்பூ நிறம். அதோட கிருமி செத்துடும்."

"அப்புறம்?"

"பத்தாம் நாள் ஊர் மொத்த நாக்கையும் பார்ப்போம். ஒரு கத்தரிப்பூ நாக்குகூட இல்லன்னா ஊர் பாஸ். ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஃபெயில். நாலு கை தாண்டி ஓட விடற ஊர்ல மழைக்காலத்துல நிஜக் காய்ச்சல் வந்தா என்னாகும்? அதனால ஃபெயிலான ஊர்ல கார்த்திகை முடியற வரைக்கும் அம்பது பேருக்கு மேல எங்கயும் கூடக் கூடாது."

மனசுக்குள் நாள் எண்ணிப் பார்த்தேன். ஆவணி இருபது அதற்குள் வருகிறது.

ஊர்ச்சபையில் எல்லாரும் கைதூக்கிச் சம்மதித்தார்கள். சம்மதிக்காமல் என்ன? எங்கள் ஊருக்குத் தன் சுத்தத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. டீக்கடை தினேஷ்குமார் பெரியவர், எழுபது வயது, எழுந்து நின்று சொன்னார்: "டாக்டரம்மா, எங்க ஊர்ல தண்ணிச் செம்பத் தூக்கித்தான் குடிப்போம். எச்சி படாது. எங்களுக்குப் போயி பரீட்சை வைக்கிறீகளே!"

நான் பேய் பிடித்தவள் மாதிரி வேலை பார்த்தேன். மிட்டாய் கொடுத்த நாளிலிருந்து ஐந்து நாளில் பதினோரு தெருவில் பதினோரு கூட்டம். கை கழுவுவது எப்படி, தும்மும்போது முழங்கையை மடக்குவது எப்படி, முகக்கவசத்தின் எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்று தொண்டை வறளப் பேசினேன். கூட்டம் முடிந்ததும் வந்தவர்களை நோட்டில் கையெழுத்துப் போட வைத்தேன். நிலாவுக்குச் சுற்றுலா போய்வருகிற காலம் வந்துவிட்டாலும், மாவட்ட அலுவலகத்துக்குக் கூட்டம் நடந்ததற்கு அத்தாட்சியாகக் கையெழுத்துப் போட்ட நோட்டுதான் வேண்டும். ஒவ்வொரு பக்கமும் நிறைய நிறைய நானே புரட்டி, இடத்தைக் காட்டி, பேனாவைக் கையில் கொடுத்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. இந்த மாவட்டத்தில் வேறெந்த ஊரிலும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்று பெருமையாக இருந்தது.

மிட்டாய் வாங்கிய ஐந்து பேருக்கும் அது எந்த மிட்டாய் என்று தெரியாது. மூன்றாம் நாள் நாக்கு நீலமானதும், சொன்னபடி வீட்டோடு இருந்துவிட்டார்கள். அவர்கள் வீடுகளில் எட்டுப் பேருக்குப் பச்சை வந்தது. அவர்களும் வெளியே வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணச் சமையல்காரருக்குப் போன் செய்து அவியல் உண்டா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் காலையில் மஞ்சள் வந்தது. ஒன்று இரண்டல்ல, நாற்பத்தொன்று. ஒன்பது தெருக்களில். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தைகூட இல்லாத வீடுகளில்.

ஊர் கொதித்துப்போனது. முதலில் தினேஷ்குமாரின் டீக்கடையை மூடினார்கள். பிறகு ஷேர் ஆட்டோவை நிறுத்தினார்கள். ரேஷன் கடை வரிசையைச் சந்தேகப்பட்டார்கள். கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருவைச் சொன்னார்கள். மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருவைச் சொல்ல வாய் திறந்தபோது மஞ்சள் தெரிந்தது.

டாக்டர் என் அலுவலகத்தில் ஊர்ப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மஞ்சள் வரணும்னா பச்சைகிட்டருந்துதான் வரணும். எட்டுப் பச்சையும் வீட்டைத் தாண்டல. அப்படின்னா நமக்குத் தெரியாத ஒன்பதாவது பச்சை ஒண்ணு ஊருக்குள்ள சுத்துது, யாழ்மொழி. ஒரு தெரு விடாம."

"யாரா இருக்கும் மேடம்? ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தவங்க பேரைப் பார்ப்போமா?" என்று நோட்டை எடுத்தேன். முகக்கவசத்தைச் சற்றே தூக்கி, ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, முதல் பக்கத்தைப் புரட்டினேன்.

டாக்டர் என்னையே பார்த்தார்.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"பக்கம் புரட்டினேன்."

"அதுக்கு முன்னாடி?"

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. என் அப்பா அப்படித்தான் புரட்டுவார், பள்ளியில் வாத்தியார் அப்படித்தான் புரட்டுவார், ஆபீஸில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஹெட்கிளார்க் அப்படித்தான் புரட்டுவார். செம்பைத் தூக்கிக் குடிக்கிற ஊர்தான், ஆனால் தாளைப் புரட்டும்போது அது எச்சில் இல்லை. அது வெறும் ஈரம்.

டாக்டர் தன் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். ஊர் நாக்கையெல்லாம் பார்த்தவள் என் நாக்கைப் பார்த்திருக்கவில்லை. பச்சை. வேப்பிலைப் பச்சை.

முதல் கூட்டத்தில் மிட்டாய் தின்ற ஐந்து பேரில் ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் கை பட்ட தாளை விரலால் புரட்டி, விரலை நாக்கில் வைத்து, அந்த நாக்கைத் தொட்டுத் தொட்டு அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டி, ஊருக்கே பேனாவோடு சேர்த்துப் பரிமாறியிருக்கிறேன். கிருமி எப்படிப் பரவும் என்று பாடம் நடத்திய கூட்டங்களில்! வெட்கத்தில் காது மடல்கூடச் சுட்டது.

"ஒண்ணு நல்லது," என்றார் டாக்டர். "இந்த நோட்டுலயே எல்லார் பேரும் இருக்கு. இவங்க அத்தனை பேரும் இன்னைலருந்து வீட்ல இருந்தா மஞ்சளோட அறுந்துடும். ஆனா ஏன் இருக்கணும்னு சொல்லணும். நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன் மேடம்."

"நோட்டுல இல்லாத ஆள் யாராவது உண்டா? கூடச் சாப்பிட்டவங்க, நெருங்கி உக்காந்தவங்க? ஒரு பேரு விட்டுப்போனாலும் வீண்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேட்டரிக் கடையின் உள்ளறை நினைவுக்கு வந்தது. ஆதிரன் கூட்டத்துக்கு வரவில்லை, கையெழுத்தும் போடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண் இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிச் சொல்வாள்?

"இல்ல மேடம்," என்றேன்.

அன்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். "பெரியோர்களே, தாய்மார்களே, கிருமியைப் பரப்பியது டீக்கடை இல்லை, ரேஷன் கடை இல்லை. நான்தான். எச்சில் தொட்டு நோட்டைப் புரட்டினேன். நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் பத்தாம் நாள் வரை வெளியே வராதீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள்."

முதல் தெருவில் யாரும் மூச்சுவிடவில்லை. இரண்டாம் தெருவில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், அந்தச் சிரிப்பு ஆட்டோவை முந்திக்கொண்டு ஓடியது. நான் கடைசித் தெருவுக்குப் போவதற்குள் எனக்கு 'எச்சி இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

ஆனால் யாரும் வெளியே வரவில்லை. அதைவிட ஆச்சரியம், மறுநாளிலிருந்து ஊரே தன்னைத்தானே காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. தையல்காரி ரேஷ்மா, ஊசியில் கோர்க்கிற ஒவ்வொரு நூலையும் வாயில் வைத்து நனைப்பேன் என்று தெருவில் நின்று ஒப்புக்கொண்டாள். மளிகைக்கடைக்காரர் பையை வாயால் ஊதித்தான் திறப்பாராம். தினேஷ்குமார் பெரியவர் போனில் கூப்பிட்டுத் தழுதழுத்தார்.

"ஏம்மா, எச்சி படாம குடிக்கிறாங்கன்னுதான நான் கிளாசக் கழுவுற தண்ணிய மத்தியானம் வரைக்கும் மாத்துறதில்ல?"

அந்தச் செய்தி பரவிய வேகத்துக்கு எந்த வைரஸும் ஈடு இல்லை. ஊரில் பாதிப் பேர் அன்று வாய் கொப்புளித்தார்கள்.

ஸ்வேதா அத்தை மட்டும் பேசவில்லை. ஆடி வெள்ளிக்காக மௌன விரதம் என்று ஆதிரன் செய்தி அனுப்பினார். வெள்ளி போய் சனி, ஞாயிறும் விரதம் முடியவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஆறடிக்கு ஓர் ஆளாக ஊர் நின்றது. ஒரு மேஜையில் டாக்டர், ஒரு மேஜையில் நான். காலை எட்டு மணியிலிருந்து நாக்கு, நாக்கு, நாக்கு. இரண்டாயிரத்து முந்நூறு நாக்கு. ரோஸ், வெள்ளை, பழைய மஞ்சள்கள், அங்கங்கே ஒரு பச்சை. கத்தரிப்பூ இல்லை. மூன்று மணிக்கு டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். என் மனசுக்குள் நாதஸ்வரம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

வரிசையில் கடைசியாக இருவர். முன்னால் ஸ்வேதா அத்தை, பின்னால் ஆதிரன். அத்தை என் மேஜைக்குத்தான் வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். வாயைத் திறந்தார்.

கத்தரிப்பூ நிறம்.

"நாவப்பழம் தின்னேன்," என்றார், மூன்று நாளாகப் பேசாத குரலில். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே நாவல்பழமும் துப்பிய கொட்டைகளும் இருந்தன.

நான் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். ஆதிரன் உதட்டை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

டாக்டர் அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நாவல்பழ சீசன். ஒரு டிக் அடித்தால் முடிந்தது. ஆவணி இருபது, மண்டபம், ஊர் முழுக்க இலை. ஒரே ஒரு டிக். எனக்கு ஆசையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. பேனாவைத் தாளில் வைத்தும்விட்டேன்.

அப்போதுதான் அந்த நாக்கை மறுபடியும் பார்த்தேன். அத்தைக்கு அறுபத்தைந்து வயது, போதாததற்கு மூச்சிழுப்பு வேறு. நான் டாக்டரிடம் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு பேர் நேராக அவர் வாய்க்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இது நிஜக் கிருமியாக இருந்திருந்தால் நிறத்தோடு நின்றிருக்காது. பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன்.

தண்ணீர்ச் செம்பை நகர்த்தினேன்.

"கொப்புளிங்க அத்தை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாமியாளை நாக்கக் காட்டச் சொல்ற மருமகளே ஊர் உலகத்துல கெடையாது. நீ கொப்புளிக்க வேற சொல்ற."

"மூணு தடவ கொப்புளிங்க."

கொப்புளித்தார். பழச்சாறு போனது, நிறம் போகவில்லை. டாக்டர் எழுந்து வந்துவிட்டார். மைதானமே எட்டிப் பார்த்தது.

"யார்கிட்டருந்து வந்திருக்கும்மா?"

"என் மகன் தட்டுல மிச்சம் வக்கிற சோத்தத்தான் நான் திம்பேன். அவன் பால்குடி மறந்ததுலருந்து அப்படித்தான்," என்றார் அத்தை.

ஆதிரன் தானாகவே நாக்கை நீட்டினார். மஞ்சள்.

"மஞ்சள்னா பச்சைகிட்டருந்து வந்திருக்கணும். நீங்க நோட்டுல கையெழுத்தே போடலையே?" டாக்டர் அவரிடம் கேட்டுவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் மேடம்," என்றேன். "அன்னைக்குக் கேட்டப்ப ஒரு பேரை விட்டுட்டேன்."

"எப்படிப் பரவுச்சு?"

நான் தாளைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அம்மா முன்னால் வாய் திறக்காத ஆதிரன் அன்றைக்குத்தானா திறக்க வேண்டும்!

"பேட்டரி சார்ஜ் பண்ண வந்தாங்க."

"யாருக்கு மாப்ள?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மைதானம் வெடித்துச் சிரித்தது. டாக்டர்கூடத் திரும்பி நின்றுகொண்டார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் எல்லாருக்கும் உறைத்தது. ஊர் ஃபெயில். மண்டபம் இல்லை. மூன்றாவது தடவையும் நின்றுவிட்டது. எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அவர் சொன்னது ஊருக்கே தெரியும். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கக்கூட விரலை முகத்துக்குக் கொண்டுபோகப் பயமாக இருந்தது.

அத்தை செம்பை மேஜையில் வைத்தார்.

"ஆக, இந்தத் தடவ நின்னது என் நாக்கால."

"அத்தை, நான்தான்..."

"நீ பேசாத. மூணாவதும் நின்னா சாமி சொல்லுதுன்னு அர்த்தம்னு சொன்னேன்ல? இது சாமி சொன்னதில்ல. உன் எச்சி, அவன் எச்சி, என் எச்சி. குடும்பத்துக்குள்ள நடந்துபோச்சு. இது கணக்குல வராது." கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ஆவணி இருபது, எங்க வீட்டு வாசல்லயே பந்தல். அம்பது பேருன்னா அம்பதே பேரு. கூப்புடலன்னு எவனும் கோவிச்சுக்கக் கூடாது."

பிறகு என்னருகில் குனிந்தார்.

"கொப்புளின்னு சொன்ன பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன். எனக்கே சலுகை குடுக்காதவ, கிருமிக்கா குடுக்கப்போறா? இவதான் எங்க வீட்டுக்கு வேணும்."

நான் அழுதேன். முழங்கையை மடக்கி அதற்குள் அழுதேன்.

ஆவணி இருபதாம் தேதி பந்தலுக்குள் ஐம்பது பேர், எண்ணி உள்ளே விட்டது அத்தை. மற்றவர்கள் அவரவர் வீட்டில் திரையில் பார்த்தார்கள். தேங்காய் மேல் தாலி வைத்த தட்டு சபையைச் சுற்றி வரும்போது, ஆளாளுக்கு அதைத் தொட்டுக் கும்பிட்டு வாழ்த்துவது வழக்கம். அந்தத் தட்டை அத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. தானே ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். "கை வைக்கக் கூடாது. கண்ணால தொட்டுக் கும்புட்டுக்கங்க." பழக்கதோஷத்தில் விரலை நீட்டிய தினேஷ்குமார் பெரியவருக்குப் புறங்கையில் ஓர் அடி விழுந்தது.

ஐம்பது பேரையும் சுற்றி முடித்து மணவறைக்கு வந்தார். ஐயர் கை நீட்டினார். அத்தை தட்டைக் கொடுக்காமல் அப்படியே நின்றார். கண்ணிரண்டும் நிறைந்து வழிந்தது. சட்டென்று தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, உதட்டில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது போல. தாலியைப் பிடித்தபடி அப்படியே விறைத்துப்போனார். நாதஸ்வரம் நின்றது. ஐம்பது பேரும் சுகாதார ஆய்வாளரைப் பார்த்தார்கள்.

மணப்பெண் தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரபு. நான் நிமிரவே இல்லை.